பர்மா ஒரு பக்கம், சயாம் மறுபக்கம்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பேரன் பேத்திகள் பாறசாலைப் பக்கம் நல்லபடியாக இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் மேல் இருந்த கோபமும் வயது ஏற ஏற வற்றிவிட்டது. அருவருப்பு மட்டும் வற்றவில்லை. இன்றைக்கும் புதிதாக இழைத்த மரத்தின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் அவருடைய எச்சில்தான் நினைவுக்கு வருகிறது.

மரத்தைச் சோதிக்கிற முறை அவருக்கு அது. ஒரு மரத்தின் சிராயைப் பெயர்த்து இடது உள்ளங்கையில் வைப்பார். வேறொரு மரத்தின் சிராயை வலது உள்ளங்கையில் வைப்பார். இரண்டின் மேலும் துப்புவார். அந்தந்தக் கையின் பெருவிரலாலேயே நன்றாகத் தேய்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி முகர்வார். முடிந்ததும் மூக்கு நுனியில் ஈரத்தோடு மரத்தூள் ஒட்டியிருக்கும். அதைத் துடைத்துக்கொண்டு பேசுவோம் என்ற எண்ணமே அவருக்கு வராது. அந்த மூக்கோடு உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று முடிவைச் சொல்வார்.

அவர் என் அம்மையின் சித்தி மகன். எனக்கு மாமா முறை. திருப்புறத்தில் எங்கள் வீட்டில் என் கல்யாணம் நடந்த அன்று, பந்தியில் உட்காரும் முன்னே நிலைப்படியை நகத்தால் கீறி அந்தச் சோதனையை நடத்தினார். மறுகைக்கு வேண்டிய சிராயை எங்கிருந்து எடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? முந்தின நாளே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அங்கே நிலைப்படியைக் கீறி மடியில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார். சம்பந்திகள் எல்லோரும் இருக்கும்போது முற்றத்தில் நின்று சத்தமாகச் சொன்னார்.

"மாப்பிள வீட்டு நிலையை விட இது ஒரு படி கீழ ஆக்கும். ரெண்டும் அயனி மரம் தான். ஆனா இது எளசு."

என் அப்பனின் முகம் தொங்கிப்போனது. என் மாமியார் சிரித்தாள். கழுத்தில் மாலையோடு நின்ற எனக்கு அந்த ஆளைப் பிடித்து வெளியே தள்ளத் தோன்றியது. மாமா முறை ஆயிற்றே, என்ன செய்ய.

நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் பாறசாலைக்குத் தெற்கே. அவர் குடியிருந்ததும் அங்கேதான், எங்கள் கிழக்கு வேலிக்கு அந்தப் புறம். ரங்கூனில் ஒரு வெள்ளைக்காரத் தேக்குக் கம்பெனியில் வருஷக்கணக்காகத் தடி அளந்தவர். ஆற்றில் மிதந்து வரும் தடிகளைக் கரையில் ஏற்றிப் போடுவார்களாம். இவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, கப்பலுக்குப் போவது ஒரு பக்கம், போகாதது ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். யுத்தம் வந்து ஊர் திரும்பிய பிறகு இங்கே ஒரு மர டிப்போவில் அதே வேலை கிடைத்தது. பிரிக்கிற புத்தி டிப்போவோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அது வீட்டுக்கும் வந்தது, சாவு வீட்டுக்கும் வந்தது. மீன்காரி கூடையை இறக்கினால் பொழியூர் மீனா, பூவாற்று மீனா என்று கேட்டு, மற்ற ஊர் மீனை நினைத்து உதட்டைப் பிதுக்குவார். செத்துப்போன முதல் மனைவியின் குழம்பை இருக்கிற மனைவியின் குழம்போடு ஒப்பிட்டுச் சொல்லிச் சொல்லியே அந்த அத்தையை ஊமையாக்கிவிட்டார். ஒரு பொருளைத் தனியாகப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஒண்ணைத் தனியா பாத்தா என்னத்த வெளங்கும் மக்கா? பக்கத்தில இன்னொண்ணு வேணும் ஆக்கும்."

இதற்கெல்லாம் மேலே ஒரு நோட்டு வைத்திருந்தார். பர்மாவும் சயாமும் வருஷா வருஷம் எவ்வளவு தேக்கு ஏற்றுமதி செய்தன என்ற நோட்டு. விரித்தால் இடது பக்கம் பர்மா, வலது பக்கம் சயாம். ரங்கூனில் இருக்கும்போதே தொடங்கியது. நோட்டைத் துணியில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டுதான் யுத்தத்தில் பர்மாவிலிருந்து காட்டு வழியெல்லாம் நடந்து வந்தாராம். இங்கே வந்த பிறகு, தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி குமாஸ்தாவாக இருந்த ஒரு பழைய சிநேகிதர் வியாபாரப் பத்திரிகைகளைக் கட்டிக்கட்டி அனுப்புவார். மாமாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. எனக்குக் கையெழுத்து மணிமணியாக இருக்கும். வேலியோரம் வந்து நின்று கூப்பிடுவார், நானும் போய் எழுதிக் கொடுப்பேன். புதுப் பெண், உறவுக்காரர், மறுக்க முடியுமா?

எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். யுத்தத்துக்கு முந்தின பக்கங்களில் பர்மா எங்கேயோ உயரத்தில் இருந்தது, சயாம் தாழ்வாரத்தில் நிற்கிற மாதிரி. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது சயாமைப் பார்த்துச் சிரிப்பார். யுத்த வருஷங்களில் இரண்டு பக்கமும் காலி. அதற்குப் பிறகு பர்மாவில் உள்நாட்டுக் கலகம், காட்டில் வேலை நடக்கவில்லை, தடி ஆற்றிலேயே கிடந்து மக்கியது என்று பத்திரிகையில் இருந்தது. பர்மாவின் எண்கள் சறுக்கிச் சறுக்கி வந்தன, சயாம் மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்தது. தன்னை வாழவைத்த நாடாயிற்றே, வருத்தப்படுவார் என்று பார்த்தால், தொடையில் தட்டிச் சிரித்தார். அவருக்கு எந்த நாடும் வேண்டியதில்லை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று தாழ்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருமுறை பத்திரிகையில் வேறொரு பெயரும் இருந்தது. ஜாவா. நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஜாவாவும் நெறைய தேக்கு அனுப்புதாம். இதை எங்க எழுதட்டு?" என்று கேட்டேன்.

"அதை எழுதண்டாம்."

"ஏன்?"

"நோட்டை விரிச்சா எத்தன பக்கம் தெரியுது பிள்ளே?"

"ரெண்டு."

"பின்ன?" என்றார்.

அவர் பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையை, விருந்தில் இலை போட்டதும் தொடங்குவார். உடன் வந்தவர்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஒருவன் அவருடைய சொந்த மைத்துனன். மற்றவன் கம்பெனிச் சமையல்காரன். இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டு நடக்க முடியாது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, இரு கைகளாலும் இருவருடைய நாடியையும் பிடித்துப் பார்த்தாராம். மைத்துனனை விடச் சமையல்காரனின் நாடி பலமாக இருந்ததாம். மைத்துனனை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டார். மூன்றாவது நாள் சமையல்காரனும் செத்தான்.

"ரெண்டும் போச்சு. அது வேற விஷயம். ஆனா நான் தெரிஞ்செடுத்தது தப்பில்ல" என்று சொல்லி, சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைவார். அந்த மைத்துனனின் அக்காள்தான் அவருடைய முதல் மனைவி. அந்தச் சேதியைக் கேட்டுப் படுத்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை என்று என் அம்மை சொல்லியிருக்கிறாள்.

எல்லைப் போராட்டம் வந்தது. தமிழ் பேசுகிற தாலுக்காக்கள் மதராஸோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுக்காவும் சேருமா, மலையாளப் பக்கமே நிற்குமா என்று எவருக்கும் தெரியாது. ஒரே வீட்டில் அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். என் வீட்டுக்காரர் மாட்டு வண்டி வைத்திருந்தார். காட்டாக்கடையிலிருந்து பாறசாலை டிப்போவுக்குத் தடி கொண்டுவருவார். வழியில் எங்கே தமிழ்க் கூட்டம் நடந்தாலும் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு ஓரமாக நின்று கேட்பார். கோஷம் போடுவார். தொண்டை கட்டிக்கொண்டு வீடு வருவார். அதற்கு மேல் ஒன்றும் செய்தவர் இல்லை. மாடு பட்டினி கிடக்கும் என்று சிறைக்குப் பயந்தவர்.

மாமாவிடம் யாரோ, "நீரு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள்.

"மதராஸில போனா கஞ்சி, இங்கன நின்னா கப்பைக் கிழங்கு. கஞ்சியை விடக் கப்பை வயித்தில நிக்கும்" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தாய்மொழியும் தாய்நாடும்.

ஒருநாள் காலையில் பெரிய ரோட்டில் ஒரு தடியைக் குறுக்கே போட்டுத் தீ வைத்திருந்தார்கள். போலீஸ் லாரி வந்து நின்றுவிட்டது. தோலை உரித்துச் சதுரமாக அறுத்த தடி. மேலே கரி பிடித்துப்போனதால் என்ன மரம் என்று லேசில் தெரியாது. போட்டவர்கள் வேறு ஊர்க்காரர்கள். அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டருக்கு அன்றைக்கே யாரையாவது பிடித்தாக வேண்டும். பக்கத்தில் தடி கிடக்கிற இடம் இரண்டுதான். ஒன்று டிப்போ. அங்கே கிடந்தது அத்தனையும் தேக்கு. மற்றது எங்கள் வீட்டு வளவு. புது அறை கட்ட வேண்டும் என்று ஒரு அயனியை அறுத்துப் போட்டிருந்தோம். அதில் ஒரு துண்டைக் கதவுக்காக ஆசாரியிடம் கொடுத்திருந்தோம்.

"ஆசாரிட்ட போய்க் கேளுங்க சாரே, கொறையுத துண்டு அங்க உண்டு" என்று என் வீட்டுக்காரர் கையைக் கூப்பினார். ஆசாரி வீடு கூப்பிடு தூரம். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு அதற்கு நேரமில்லை. ஆசாரியை விடச் சீக்கிரத்தில் மரத்தை அடையாளம் சொல்லக்கூடிய ஆள் டிப்போவிலேயே இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மாமா வந்தார். சட்டை போட்டு, மேலே துண்டும் போட்டு வந்தார். ஊரே சுற்றி நின்றது. எரிந்த தடியிலிருந்து கரியைச் சுரண்டி உள்ளே இருந்து ஒரு சிராய் எடுத்துக் கொடுத்தார்கள். டிப்போவின் சிராய் ஒன்று, எங்கள் அயனியின் சிராய் ஒன்று. இந்த இரண்டில் எது என்று இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் கேட்டார், "இதில் ஏதா?"

மாமா துப்பினார். தேய்த்தார். எரிந்த சிராயைத் தேக்கோடு வைத்து முகர்ந்தார், பிறகு அயனியோடு வைத்து முகர்ந்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை நான் மறக்கவே இல்லை. பந்தியில் பாயசம் வரும்போது சிலர் முகம் அப்படி ஆகும். கடைசியில் அயனி இருந்த வலது கையை நீட்டினார்.

"தேக்கை விட அயனிக்குத் தான் நெருக்கம், சாரே."

என் வீட்டுக்காரரை அங்கேயே அடிக்கத் தொடங்கினார்கள். லாரியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனார்கள். மாடுகள் இரண்டும் தொழுவில் நின்று கத்தின.

மறுநாள் விடிந்ததும் மாமா வீட்டுக்குப் போனேன். அழுதுகொண்டே போனேன். ஏமாந்துவிட்டார், மூக்குத் தவறிவிட்டது, காலைப் பிடித்தாவது திருத்தச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு. அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அது எங்க அயனி இல்ல. ஆசாரி வீட்டில துண்டு அப்படியே இருக்கு. நீங்க வந்து பாருங்க."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அது அயனி இல்ல. பிலாவு ஆக்கும். கரியைச் சொரண்டும்போதே தெரிஞ்சுது. பிலாவும் அயனியும் பங்காளிகளாக்கும், நெறமும் மணமும் கிட்டத்தட்ட ஒண்ணு போல."

பிலாவு என்றால் பலாமரம். எங்கள் ஊரில் சக்கை காய்க்கிற பிலாவைத் தெரியாத குழந்தை கிடையாது. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் இன்ஸ்பெக்டர் எங்கள் வளவை விட்டுப் போயிருப்பார்.

"பின்னே ஏன் மாமா சொல்லல்ல?"

வாயைக் கொப்பளித்துத் துப்பினார். நிதானமாகத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டில எதுன்னு தான் கேட்டாவ. ரெண்டிலயும் இல்லியான்னு யாரும் கேக்கல்ல பிள்ளே."

காலில் விழுந்தேன். என் நெற்றியில் அவர் வீட்டு முற்றத்து மண் ஒட்டியது. ஸ்டேஷனுக்கு வந்து அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். உள்ளே இருந்து அத்தை ஓடிவந்தாள். என்னைத் தூக்கி நிறுத்தினாள். அந்த ஊமை அத்தை அன்றைக்கு வாயைத் திறந்தாள்.

"எலே, அந்தப் பிள்ள தாலி ஆக்கும். போய்ச் சொல்லிப்போட்டு வா."

புருஷனை எலே என்று கூப்பிட்டு நான் பார்த்த ஒரே பெண் அவள்தான். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூத்தவ ஒருநாளும் இப்படி எதுத்துப் பேசினதில்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுக் கேக்கட்டு, சொல்லுதேன். கேக்காத கேள்விக்குப் போய் நின்னு பதில் சொல்லுத வழக்கம் கம்பெனியிலேயே எனக்குக் கெடையாது."

நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். எனக்குத் தெரிந்த மலையாளத்தில், அது பிலாவு, அளவுகாரரைக் கூப்பிட்டு ஒரு தடவை கேளுங்கள் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. மரம் பற்றி எழுதி முடித்தாயிற்று என்றார். உள்ளே இருந்து வந்த சத்தம் என் வீட்டுக்காரருடைய சத்தம்தானா, வேறொருவருடையதா என்று எனக்குத் தெரியவில்லை. வேறொருவருடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மாசக்கணக்கில் உள்ளே வைத்திருந்துதான் வெளியே விட்டார்கள். வந்தவரின் வலது தோள் மேலே எழும்பவில்லை. நுகத்தைத் தூக்க முடியாது, மாட்டைப் பிடிக்க முடியாது. முதலில் ஒரு மாட்டை விற்றோம். பிறகு மற்றதையும் விற்றோம். வண்டி வேலியோரம் கிடந்து கறையான் பிடித்தது. எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. ராத்திரி சோறு பொங்கினால் காலையில் இல்லை. அந்த நாளில்தான், டிப்போ வாசலில் உட்கார்ந்து வண்டிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. ஒரு கை இருந்தால் போதும். ஆளை எடுப்பது மாமாவின் பொறுப்பு.

ஒரு காலை அவராகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். கூசாமல் வந்தார். பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, என் வீட்டுக்காரரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். இடது தோளையும் வலது தோளையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தார். வலித்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"உன்கூட உள்ள கெடந்தானே அந்த நெய்யாற்றின்கரைக்காரன், அவனும் வேலைக்குக் கேட்டான். அவனுக்குக் கால் போச்சு, கை ரெண்டும் கொள்ளாம், நல்லா இருக்கு. உனக்குக் காலு கொள்ளாம், கை ஒண்ணு போச்சு." மறுபடியும் வலது தோளை ஒரு அமுக்கு அமுக்கினார். "ரெண்டு பேரும் என் மனசில உண்டு."

அந்த நெய்யாற்றின்கரைக்காரனை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் நினைவில்லாமல் கிடந்த இரண்டு நாளும் அவன்தான் வாயில் தண்ணீர் ஊற்றியவன். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லுவார், அவன் காலைப் பற்றிச் சொல்லுவார், அவனுக்கே வேலையைக் கொடுங்கள் என்பார் என்று ஒரு நொடி பயந்தேன். ஆமாம், பயந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க இஷ்டம் மாமா" என்றார்.

நான் அடுப்படிக்குப் போனேன். பிள்ளைத்தாச்சி என்று பக்கத்து வீட்டிலிருந்து எனக்குக் கொடுத்திருந்த பால் கொஞ்சம் இருந்தது. அத்தனையையும் ஊற்றினேன். இருந்த சர்க்கரை அத்தனையையும் போட்டேன். சுக்கு தட்டிப் போட்டேன். விருந்தாளிக்கு வைத்திருந்த கண்ணாடித் தம்ளரை இரண்டு தடவை கழுவிச் சாயாவை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கண்ணை மூடினார். அந்த மூக்கைப் பார்த்தபடி நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"நேத்து அவன் வீட்டிலயும் குடிச்சேன். அவன் பெண்டாட்டியும் நல்லாத்தான் போட்டா." இன்னொரு வாய் குடித்தார். "அதை விட இது கொள்ளாம்."

வேலை எங்களுக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. எங்கேயோ ஒருத்தி, இருந்த பாலையெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, டிப்போவிலிருந்து ஆள் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்றும் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தன. ஆனாலும் எனக்கு வந்தது சந்தோஷம்தான். உடம்பெல்லாம் குளிர்ந்துபோன மாதிரி ஒரு சந்தோஷம். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா மாமா?" என்று கேட்டேன்.